பெருக்காத மாடி

ஆகஸ்ட் 9

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியில் தினமும் என்னோடு பேச்சுவார்த்தை நடத்துகிறது. கடைசியில் நான்தான் ஜெயிக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

இனி போனில் கத்த வேண்டாம். காலமெல்லாம் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று டிக்கெட் கிழித்த காதுக்கு உன் குரல் எட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் எல்லாம் எட்டுகிறது. "உங்க பொண்ணுக்கு இருமல் நின்னுடுச்சாமே" என்று அவள் வந்து எனக்குச் செய்தி சொல்கிறாள். அதனால் ஃபில்டர் பெட்டி உன் ஆய்வகத்துக்கு வரும்போதெல்லாம் அதோடு கடிதமும் வரும். நீயும் காலிப் பெட்டியைத் திருப்பும்போது எழுது.

காற்றை இழுத்து அதிலுள்ள தூசியைத் தாளில் பிடிக்க நீ மாடியில் வைத்துப் போன மெஷின் நன்றாக ஓடுகிறது. காலையில் பழைய தாளை இடுக்கியால் எடுத்து, வட்ட டப்பாவில் போட்டு, தேதிச் சீட்டு ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். பிறகு புதுத் தாள். மழை வந்ததிலிருந்து போட்ட வெள்ளை அப்படியே திரும்பி வருகிறது. நீ கொடுத்த விதிகளை மாடிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். 'கருவியைச் சுற்றியுள்ள இடம் சுத்தமாக இருக்க வேண்டும்' என்ற மூன்றாவது விதியை எனக்குப் போய் எழுதினாயே! ஈரம் காய்ந்த நாளெல்லாம் மாடியைப் பெருக்கிவிட்டுத்தான் மெஷினைத் தொடுகிறேன்.

எதிர் பஸ் டிப்போவின் மெக்கானிக், ஸ்பேனர் என்றே எல்லாரும் கூப்பிடுவார்களே, அவன் வந்து பார்த்தான். "என்னக்கா, மொட்டை மாடியில ராக்கெட் விடப் போறீங்களா?" என்றான். "விடப் போறது என் பொண்ணு. நான் விசில் மட்டும் குடுப்பேன்" என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஓய்வு பெற்ற நடத்துனரும் ஓய்வு பெறாத மெஷின்காரியுமான
அம்மா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அம்மா,

நான் நலம். இருமல் நின்றது உண்மைதான். முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் காவலுக்கு வைத்திருக்கிறாயா?

தாள் வெள்ளையாகத் தெரிந்தாலும் எடை ஏறித்தான் இருக்கிறது. இந்தத் துகள்களில் ஏழெட்டை ஒரு தலைமுடியின் அகலத்தில் வரிசையாக நிறுத்தலாம். மழைக்காலத்தில் மழை அவற்றைக் கழுவித் தரைக்குக் கொண்டுபோய்விடுகிறது. மிச்சம் இருப்பது எங்கிருந்து வந்தது என்று தாளைக் கரைத்தும் சுட்டும் பார்க்கிறோம். டீசல் எரிந்திருந்தால் கரி இருக்கும். விறகோ சருகோ எரிந்திருந்தால் பொட்டாசியம். சாலை மண் என்றால் சிலிக்கானும் அலுமினியமும். இந்தக் கணக்கு உனக்குப் புதிதில்லை. யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்வாயே, அதேதான்.

நம் ஊரில் ஆறு மாடிகளில் கருவி வைத்திருக்கிறோம். மற்ற ஐந்திலிருந்தும் தாள் கிழிந்து வரும், தேதி மாறி வரும். உன் பெட்டியைத் திறந்ததும் எங்கள் தலைவர், "உங்கம்மா பெட்டியப் படம் புடிச்சுப் பாடப்புத்தகத்துல போடலாம்மா" என்றார். நான் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தேன்.

இரண்டு விஷயம். கடிதத்தை டப்பாக்களோடு சேர்க்காமல் தனி உறையில் போடு. அடுத்தது, தாளை உன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. உனக்கு உடம்பு முடியாமல் போனால் உடனே தெரிவி. கருவியை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவோம். இது எல்லாருக்கும் உள்ள விதி.

தைலத்தைத் தடவச் சொல்லும்
உன் மகள்


டிசம்பர் 14

அன்பு மகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். குளிருக்கு முழங்கால் கொஞ்சம் சட்டம் பேசுகிறது. தைலம் பாதி காலி, சந்தோஷமா? நீ காதை மூடிக்கொண்டு போ, வா.

இந்தப் பெட்டியைத் திறந்ததும் பயப்படாதே. தாள் எல்லாம் அடுப்புக்கரி பூசியதுபோல இருக்கிறது. முதல் நாள் பார்த்தபோது மெஷின்தான் எரிந்துவிட்டதோ என்று மோந்து பார்த்தேன். விடிந்தும் விடியாத வேளையில் மாடியில் நின்றால் தெருக்கோடி விளக்கு தெரிவதில்லை. டிப்போவில் பஸ் எல்லாம் ஒன்றாக உறுமுகிறது, எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள். காவல்காரர்கள் சருகைக் கூட்டிக் கொளுத்திக் குளிர் காய்கிறார்கள். ஆனால் இதெல்லாம் மழைக்காலத்திலும் கொஞ்சம் உண்டே, இப்போது மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பு?

காய்கறிக்காரரிடம் ஒரு தாளைப் பற்றிச் சொன்னேன். "அப்ப நாம இதைத்தான் மூச்சு விடுறோமா?" என்றார். "விடுறது இல்லை, இழுக்குறது" என்றேன். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று இப்போது தெருவுக்கே தெரியும். இதற்கு முன்னால் நீ ஏதோ மருந்துக்கடையில் இருப்பதாக நினைத்திருந்தார்கள்.

ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அம்மா


ஜனவரி 20

அன்புள்ள அம்மா,

ஸ்வெட்டருக்குள்ளிருந்து எழுதுகிறேன், நலம். உன் சளி எப்படி இருக்கிறது? நீ எழுதவில்லை; பக்கத்து வீட்டு அத்தை போனில் சொன்னார்.

உன் கேள்விக்குப் பதில். வெயில் நாளில் தரை சூடாகிக் காற்று மேலே எழும்பும்; புகையையும் தூக்கிக்கொண்டு போகும். குளிர்கால விடியலில் தரை சில்லிட்டுக் கிடக்கும், மேலே உள்ள காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அதனால் கீழ்க்காற்று எழும்பாது. பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல ஊரின் புகை எல்லாம் ஊரிலேயே நிற்கும். புகை கூடியது கொஞ்சம்தான். அது போக வழியில்லாமல் நின்றதுதான் பெரிய விஷயம்.

இன்னொரு செய்தி. ஆறு மாடிகளின் அறிக்கையை என்னையே எழுதச் சொல்லியிருக்கிறார் தலைவர். முகப்பில் என் பெயர் முதலில் வரும். இதை யாரிடமும் சொல்லாதே என்று எழுத நினைத்தேன். நீ கேட்கமாட்டாய் என்பதால் எழுதவில்லை.

அன்புடன்
உன் மகள்


மார்ச் 8

அன்பு மகளுக்கு,

சளி வந்த வழியே போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? முகப்பில் பெயர் வருகிறவள் முகம் வாடியிருக்கக்கூடாது, நன்றாகத் தூங்கு.

நீ சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். டிப்போவில் மட்டும் சொன்னேன். டிப்போவில் சொன்னால் எல்லா ரூட்டுக்கும் போய்விடும் என்பது எனக்குத் தெரியாதா? ஸ்பேனர், "நம்ம டிப்போ பொண்ணு" என்கிறான். நீ தொட்டில் குழந்தையாக இருந்தபோது டிக்கெட் பையோடு உன்னையும் தூக்கிக்கொண்டு வந்தவளாம் நான். எனக்கே மறந்துபோனது.

வெயில் ஏறிவிட்டது. தாள் இப்போது செம்மண் நிறம். டிப்போ முற்றம் தார் போடாத மண்தரை அல்லவா, பஸ் திரும்பும்போதெல்லாம் புழுதி எழும்பி நம் மாடியில் வந்து உட்காருகிறது. நான் விடுகிறேனா? காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மெஷினின் காலடியில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

பெருமையுடன்
அம்மா


ஏப்ரல் 2

அன்புள்ள அம்மா,

நலமாக இருக்கிறேன், தூக்கம்தான் குறைவு. வெயில் நேரத்தில் மாடி ஏறாதே.

அறிக்கையின் வரைவு போய்விட்டது. மழையில் குறைவு, குளிரில் கரி, கோடையில் மண் என்று ஆறு மாடியும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. ஆனால் நம் மாடியில் கோடை மண் மற்ற எல்லா இடத்தையும்விட மிக அதிகம். தாளில் பாதிக்கு மேல் மண்தான். கரியைக்கூட அது பின்னுக்குத் தள்ளிவிட்டது. காரணம் டிப்போ முற்றம் என்று எழுதியிருக்கிறேன்.

இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நகராட்சியில் வரைவைப் படித்துவிட்டு, டிப்போவை ஊருக்கு வெளியே, கல்குவாரிப் பக்கம் மாற்றலாமா என்று பேசுகிறார்கள். இறுதி அறிக்கை ஜூன் கடைசியில். அதன்பிறகுதான் முடிவு. உனக்கு அது வெறும் டிப்போ இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எண்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன.

கோபம் வந்தால் மறைக்காமல் எழுது.

உன் மகள்


ஏப்ரல் 25

அன்பு மகளுக்கு,

நான் சுகம். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று கேட்காதே, ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனால் சுருக்கமாக.

கோபம் வந்தது. அன்று ராத்திரி உன்னைத் திட்டினேன். காது நன்றாக இருந்தால் எனக்கே கேட்டிருக்கும். டிப்போ குவாரிப் பக்கம் போனால் முதல் பஸ் எடுக்கிறவர்கள் எல்லாம் ஊர் தூங்கும்போதே நடக்க வேண்டும். எதிரே போனால் டிரைவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒருவன் வாய்விட்டே கேட்டான்: "பொண்ணைப் படிக்க வெச்சது எங்களைத் துரத்தவாக்கா?"

"என் பொண்ணு ஒண்ணை எழுதினா அளந்து பாத்துத்தான் எழுதுவா. உன் மேல பாசம்னு கூட்டிக் குறைச்சு எழுதச் சொல்றியா?" என்று கேட்டேன். அவன் போய்விட்டான். எனக்கு நீ எழுதியது பிடிக்கவில்லை. ஆனால் உன்னை எனக்குத் தெரியும்.

தாள் ஒழுங்காக மாற்றுகிறேன். கவலைப்படாதே.

அம்மா


ஜூன் 3

அன்புள்ள அம்மா,

நலமா? உன் கடிதம் என் மேஜையிலேயே இருக்கிறது. நீ டிரைவரிடம் சொன்னதை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன்.

இப்போது ஒரு சந்தேகம். ஏப்ரல் நடுவிலிருந்து நம் மாடித் தாளில் மண் சடாரென்று இறங்கிவிட்டது. மார்ச்சில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெயிலின் உச்சத்தில், மற்ற ஐந்து மாடிகளிலும் மண் ஏறிக்கொண்டிருக்கும்போது நம் மாடியில் மட்டும் இறங்குகிறது. கரி அப்படியே இருக்கிறது, மண்தான் காணோம்.

டிப்போவில் தண்ணீர் தெளிக்கிறார்களா? முற்றத்துக்குத் தார் போட்டுவிட்டார்களா? கருவியை நகர்த்தினாயா? என்ன மாறியது என்று யோசித்துப் பார். சின்ன விஷயமாக இருந்தாலும் சொல். ஜூன் கடைசிக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.

உன் மகள்


ஜூன் 17

அம்மா,

பெட்டி வந்தது. தாள்கள் ஒழுங்காக இருந்தன. கடிதம் இல்லை. அடியில், உறைக்குள், மூடி இடுக்கில் எல்லாம் தேடிவிட்டேன்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். ஏப்ரலிலிருந்து தேதிச் சீட்டுகள் எல்லாம் கோணல் எழுத்து. நீ கடிதத்தைப் பஸ்ஸில் எழுதலாம். மொட்டை மாடியில் ஒட்டுகிற சீட்டையுமா ஓடுகிற பஸ்ஸில் எழுதுவாய்?

உன் கைக்கு என்ன ஆயிற்று?

மகள்


ஜூன் 21

அன்பு மகளுக்கு,

கண்டக்டர் பெற்ற பிள்ளை, சீட்டைப் பார்த்தே பிடித்துவிட்டாய்.

இப்போது நன்றாக இருக்கிறேன், முதலில் அதை நம்பு. ஏப்ரலில் ஒரு காலை மாடியில் மெஷின் வயர் தடுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. போன வாரம்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உடம்பு முடியாமல் போனால் மெஷினை வேறு வீட்டுக்கு மாற்றுவோம் என்று நீ எழுதியிருந்தாய். நான் கொடுக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டேன். காகிதக் கைக்குட்டையை வட்டமாக வெட்டி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இடது கையால் இடுக்கி பிடித்துப் பழகினேன். ஸ்பேனர் டப்பா மூடியைத் திறந்து கொடுத்தான். தாளைத் தொடவில்லை, சத்தியமாக.

இடது கையால் தாள் மாற்றலாம். பெருக்க முடியாது. விளக்குமாறு அன்றிலிருந்து மூலையில்தான் இருக்கிறது.

உன் ஜூன் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. டிப்போவிலிருந்து வந்த புழுதி மாடியில் உட்கார்ந்து தன் பயணத்தை முடித்துக்கொண்டது. நான்தான் காலையிலும் மாலையிலும் விளக்குமாற்றால் எழுப்பி, மெஷினுக்குள் மறுபடி ஏற்றிவிட்டேன். ஒரே பயணிக்கு இரண்டு மூன்று டிக்கெட் கிழித்திருக்கிறேன். மழையில் மாடி ஈரம், அதனால் அப்போது நம் இருவருக்கும் தெரியவில்லை.

அப்போதே ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். அறிக்கையின் முகப்பில் உன் பெயர் முதலில் இருக்கிறது. 'அம்மா விளக்குமாறு போட்டதை ஊர்த் தூசின்னு எழுதிட்டா' என்று உன்னை நாலு பேர் சிரிப்பார்கள். டிப்போக்காரியான நான் டிப்போவைக் காப்பாற்றக் கதை கட்டுகிறேன் என்றும் சொல்வார்கள். கடிதம் இல்லாமல் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு அந்த டிரைவர் ஞாபகம் வந்தான். என் பொண்ணு அளந்து பார்த்துத்தான் எழுதுவாள் என்று அவனிடம் சொன்னேனே. நான் கலைத்துக் கொடுத்ததை நீ அளந்தால் என் வார்த்தை என்ன ஆவது?

எழுதிவிட்டேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல். மெஷினை எடுத்துப்போக ஆள் அனுப்பு. துடைத்து வைத்திருக்கிறேன்.

அம்மா


ஜூலை 14

அன்புள்ள அம்மா,

மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய். எலும்பு உடைந்ததை மறைத்ததற்கு நேரில் வந்து சண்டை போடுகிறேன், அதை இந்தக் கடிதத்தில் சேர்க்கவில்லை.

உன் கடிதத்தைத் தலைவரிடம் அப்படியே கொடுத்தேன். படித்தார், சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மூணாவது விதியை எழுதினது யாரு?" என்றார். நான்தான். பெருக்காதே என்று எழுதியிருக்க வேண்டியவள் சுத்தமாக வை என்று எழுதினேன். நீ பெருக்குவதை ஆகஸ்டிலேயே சொன்னாய், மார்ச்சில் பெருமையாகச் சொன்னாய். இரண்டு கடிதமும் என் மேஜை இழுப்பறையில் இருந்தன. மகளாகப் படித்துச் சிரித்தேன். ஆய்வாளராக ஒரு தடவை படித்திருந்தால் போதும்.

உன் கடிதம் வந்த கையோடு, சரிபார்க்க இரண்டாவது மெஷினோடு நாங்கள் அனுப்பிய ஆள், மழை பிடிப்பதற்குள் ஒருநாள் விட்டு ஒருநாள் உன்னைப் பெருக்கச் சொன்னாரே, அந்தத் தாள்கள் சந்தேகம் வைக்கவில்லை. பெருக்கிய நாளில் மண் ஏறுகிறது, பெருக்காத நாளில் இறங்குகிறது. இனி நீ கதை கட்டினாய் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு வாரம் கூடுதல் கெடு வாங்கித் திருத்திய அறிக்கையும் போய்விட்டது. நடந்தது என்ன என்று ஒரு பக்கம் முழுக்க நானே எழுதியிருக்கிறேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள். பெயர் முதலில்தான் இருக்கிறது. டிப்போவை மாற்றும் பேச்சு நின்றது. முற்றத்துக்குத் தார் போட்டால் போதும் என்கிறார்கள்.

ஆனால் அம்மா, மண்ணை விலக்கியதும் கரி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. குளிர்கால விடியலில் நம் மாடிக் கரி மற்ற எல்லா மாடியையும்விட அதிகம். அது விளக்குமாறு இல்லை, டிப்போதான். காலையில் அங்கே என்ன நடக்கிறது?

மெஷின் எங்கும் போகாது. "இடது கையால இவ்வளவு சுத்தமா தாள் மாத்துற ஆளை விட்டுட்டு வேற யாரைத் தேடுறது?" என்றார் தலைவர். இந்தத் தடவை நான் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "எங்கம்மா சார்" என்றேன்.

மகள்


ஜனவரி 11

அன்பு மகளுக்கு,

நான் சுகம், மணிக்கட்டு சுகம், முழங்கால் வழக்கம்போல எதிர்க்கட்சி. நீ வந்து போட்ட சண்டை இன்னும் காதில் இருக்கிறது. அது மட்டும் எப்படித்தான் கேட்டதோ.

இந்தப் பெட்டியைத் திறந்து, போன வருஷ ஜனவரித் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார். சாம்பல் நிறம்தான், வெள்ளை இல்லை. சருகு எரிகிறது, லாரி ஓடுகிறது, உன் மூடியும் ஊர்மேல் இருக்கிறது. ஆனால் அந்த அடுப்புக்கரி இல்லை.

காலையில் என்ன நடக்கிறது என்று கேட்டாயே. குளிரில் பழைய பேட்டரி இழுக்காது. ஒருதடவை கிளம்பிய இன்ஜினை அணைத்தால் மறுபடி உயிர் வருமா என்று பயம். அதனால் கடைசி பஸ் எடுக்கிறவனும் முதல் பஸ்ஸோடு சேர்ந்தே ஸ்டார்ட் செய்துவிட்டு டீ குடிக்கப் போவான். நானும் அப்படிக் கிளம்பிய பஸ்களில்தான் வேலை பார்த்தேன். யாருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. உன் அறிக்கையைக் காட்டி ஸ்பேனர் புதுப் பேட்டரி கேட்டு வாங்கினான். ஆனாலும் பழக்கம் விடுமா? நான் பழைய விசிலை எடுத்துக்கொண்டு போய் டிப்போ வாசலில் நின்றேன். ஆளில்லாமல் உறுமுகிற பஸ்ஸைப் பார்த்தால் ஒரே ஊதல். "அக்கா, ரிட்டையர் ஆகியும் உயிரை எடுக்குறீங்களே!" என்றான், அன்றைக்கு என்னைக் கேட்டானே, அதே டிரைவர். கேட்டுக்கொண்டே போய் அணைத்தான்.

போன வாரம் நகராட்சி அதிகாரி மெஷினைப் பார்க்க வந்தார், கூடவே பத்திரிகைக்காரர் இரண்டு பேர். மாடி கிடந்த நிலையை நினைத்துப் பார். சருகு, பறவை இறகு, விரலால் கோலம் போடலாம் போலப் புழுதி. வாழ்நாளில் என் வீட்டுக்கு வந்த யாரையும் நான் அப்படி நிற்க வைத்ததில்லை. அதிகாரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். "ஏம்மா, இத்தனை பேர் வர்றோம்னு தெரியும்ல, கொஞ்சம் பெருக்கி வெச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

ஸ்பேனர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மூன்றாவது விதியைத் திருத்தி நீ எழுதி அனுப்பிய தாளைக் கதவில் காட்டினேன்.

"பெருக்கினா பொய் வந்துடும் சார். இது என் பொண்ணு உத்தரவு" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி கீழிருந்து கை தட்டினாள்.

ஊரிலேயே அழுக்கான மாடிக்குச் சொந்தக்காரி,
உன் அம்மா